பூட்டிடம் கேட்ட மூன்று கேள்விகள்

மார்ச் 3, செவ்வாய்

என் பேத்திக்கு,

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். கிழவி கனவு கண்டாள் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நான். எனக்கு ஒரு பக்கம் உன் அம்மா, மறுபக்கம் உன் அப்பா. கோட்டுக்கு வெளியே தொப்பியும் விசிலுமாக உங்கள் கோச். மருந்துப் பெட்டியோடு ஒரு பெண். உள்ளே உங்கள் கேப்டன், எல்லாரையும் விரட்டி வேலை வாங்குகிறாள் என்று நீங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுகிறவள். கோல் காக்கிற நெட்டச்சி. தூரத்தில், பந்து எப்போது வரும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டிருந்த ராக்கெட். கறுப்புச் சட்டை போட்ட நடுவர். அப்புறம் நீ. உன்னைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது என்பதால் பூட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பந்து உயரத்தில் வந்தது. நீ எகிறினாய். நெட்டச்சியும் எகிறினாள். அவள் முழங்கால் உன் காதுக்கு மேலே பட்டது. நீ விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். நீ ஊன்றவில்லை. சாக்கு மூட்டை மாதிரி விழுந்தாய்.

அப்புறம் உன்னை உட்கார வைத்தார்கள். உங்கள் கோச் தலையில் அடிபட்டவர்களுக்கு நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகக் கேட்கிற மூன்று கேள்விகளைக் கேட்டார். என்ன ஸ்கோர், யாரோடு ஆடுகிறோம், இதற்கு முன்னால் ஆடியது யாரோடு. நீ பதில் சொல்லியிருக்க வேண்டும், அவர் தலையாட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள், நீ எழுந்து ஓடினாய்.

உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் கோச்சின் முகம் எனக்கு நேரே. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற மேஸ்திரியின் முகமும் எனக்கு நேரே. நூல் மில்லில் இருபத்தாறு வருடம் மிஷின் சத்தத்தில் நின்றவள் நான். காது போனது அங்கேதான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றதும் அங்கேதான். அவர் கேட்கக் கேட்க, மேஸ்திரி சத்தம் வராமல் ஒவ்வொரு பதிலாக உதட்டில் எடுத்துக் கொடுத்தாள். நீ அவளைப் பார்த்துத்தான் சொன்னாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. போனில் சொல்லலாம் என்றால் எனக்குக் கேட்காது, உன் போனையும் கேம்பில் பிடுங்கி வைத்திருக்கிறார்கள்.

உன் பாட்டி


மார்ச் 6, வெள்ளி

பாட்டி,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். மில்லில் உன்னை வீணடித்துவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை. நெட்டச்சியின் முழங்காலில்தான் வீக்கம். "என் தலை இடிச்சது வலிச்சா சொல்லுடி, ஐஸ் வைக்கிறேன்" என்று அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறோம். மேஸ்திரி எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டேதான் இருப்பாள். அதைப் போய்ப் பெரிய விஷயமாக்காதே.

மேட்ச் முழுக்க ஞாபகம் இருக்கிறது. ஒன்றுக்கு சைபர். ராக்கெட்டின் கோல். பேப்பரில் அவள் படம். நான் கோட்டிலிருந்து எடுத்த மூன்று பந்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. பழகிவிட்டது. நீயும் அவள் கட்சிதானே? ராக்கெட்டுக்கு மட்டும் எழுந்து நின்று கை தட்டுவாயாம், அம்மா சொன்னாள்.

கோச் நேற்று எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "கோல் அடிச்சா ஒரு மேட்ச் ஜெயிக்கலாம். கோல் வாங்காம இருந்தாத்தான் கோப்பை. பின்னாடி நிக்கிற நாலு பேர்தான் இந்த டீம்." சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார். ராக்கெட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்லு.

ஃபைனல் 22ஆம் தேதி. ஜெயித்தால் ஆடின எல்லாருக்கும் துறைமுக ஆபீசில் நிரந்தர வேலை. அப்பா இப்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்று கேள்வி.

உன்மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. நீல ஸ்வெட்டர் பின்னிக் கொண்டுவருகிறேன் என்றாய். வெறுங்கையோடு வந்திருக்கிறாய். காலையில் ப்ராக்டிஸுக்குப் போனால் பல் கிட்டுகிறது. ஊரில் உள்ளவர்கள் செய்த தப்பையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாய், ஒரு ஸ்வெட்டர் மறந்துபோகுமா?

உன் பூட்டு


மார்ச் 9, திங்கள்

கண்ணு,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அதை மறு கையில் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஸ்வெட்டரை நான் கொண்டுவந்தேன். உன் கையில் கொடுத்தேன். மேட்ச் முடிந்து நீங்கள் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், பஸ் வாசலில். நீ அங்கேயே மாட்டிக்கொண்டாய். "ஒரு கை நீளமா இருக்கே பாட்டி, யாரை நெனச்சுப் பின்னின?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்தாள். நீ கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினாய், ஜன்னலில் உட்கார்ந்து கை ஆட்டினாய்.

உன் பையைப் பார். அடியில் பார். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறாய் என்றால் இப்போதே சொல்லிவிடு, கோபிக்க மாட்டேன். கோபிப்பேன், ஆனால் சந்தோஷமாகக் கோபிப்பேன்.

என் அண்ணனைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. சொல்ல எனக்கு வாய் வராது. கொத்து வேலை செய்தான். சாரத்திலிருந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "என்ன எல்லாரும் வேடிக்கை பாக்கறீங்க?" என்று கேட்டான். வீட்டுக்கு நடந்தே வந்தான். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். சாப்பிடும்போது, "அம்மா எங்கே?" என்று என்னைக் கேட்டான். அம்மாதான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் சின்னப் பிள்ளை, தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். படுத்தான். காலையில் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

அதனால்தான் ஒரு ஸ்வெட்டருக்கு இப்படிப் பயப்படுகிறேன்.

நேற்று உன் அப்பா உன்னைப் பார்க்கக் கேம்புக்கு வந்தானே, நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். "வண்டில இடம் இல்லம்மா" என்றான். சாயங்காலம் திரும்பி வந்ததும் அவன் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் கேட்டேன். "நல்லா இருக்கா. நல்லா சாப்பிடறா. உன்னைத்தான் கேட்டா" என்றான். உதடு தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ராத்திரி படுத்தேன்.

பையைப் பார்த்துவிட்டு உடனே எழுது. தூங்கப் போகும்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவளிடம் உன்னை எழுப்பச் சொல். சிரிப்பாள், சிரிக்கட்டும்.

பாட்டி


மார்ச் 12, வியாழன்

பாட்டி,

பையில் இருக்கிறது. ஒரு கை நீளமாகத்தான் இருக்கிறது. மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறது. மடித்தது நான் என்று எனக்குத் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது பாட்டி.

எனக்கு அந்த மேட்சே ஞாபகம் இல்லை. பஸ்ஸில் மைதானத்துக்கு வந்தது தெரியும். ஷூ லேஸ் கட்டினது தெரியும். அப்புறம் மறுநாள் காலை, கேம்பில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒன்றுமே இல்லை. கோட்டிலிருந்து மூன்று பந்து எடுத்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது வீடியோவில் பார்த்தது. திரையில் ஓடுகிறவள் நான்தான் என்று சட்டை நம்பரை வைத்துத்தான் நம்பினேன்.

மேஸ்திரிமேல் கோபப்படாதே. நீ பார்த்தது சரிதான், அவள்தான் பதில் கொடுத்திருக்கிறாள். அவளே ஒத்துக்கொண்டாள். கோச் எங்களுக்கு முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "ஒருத்தி தவறினா பக்கத்துல இருக்கறவ மூடணும். காரணம் கேக்கக் கூடாது. மூடணும்." நாங்கள் சாப்பாட்டு அறையில்கூட அப்படித்தான் இருக்கிறோம். ஒருத்தி தட்டைக் கழுவ மறந்தால் இன்னொருத்தி கழுவி வைத்துவிடுவாள். நான் முழித்தேன், அவள் மூடினாள். யோசித்துச் செய்யவில்லை. இப்போதும் மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். காலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் நின்றால் நெட்டச்சி தோளில் கை போட்டுக் கூட்டிப் போகிறாள். பந்தைத் தலையால் முட்டினால் கண்ணுக்குள் வெள்ளையாக வெட்டுகிறது. அதைக் கோச் பார்க்காமல் இருக்க, உயரப் பந்து வந்தால் மேஸ்திரி முந்திக்கொண்டு எகிறுகிறாள்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அழுதுவிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. பாட்டிகிட்டயும் எழுதாத. இன்னும் ரெண்டு வாரம்தானே? வேலை கைக்கு வந்துட்டா அப்புறம் எவ்வளவு நாள் வேணா படுத்துக்கோ" என்றார். தலையைத் தடவிக் கொடுத்தார். அடிபட்ட பக்கத்தை.

நீயும் சொல்லிவிடாதே பாட்டி. நான் வெளியே உட்கார்ந்தால் பின்னால் ஓட்டைதான். ராக்கெட் இரண்டு அடிப்பாள், இந்தப் பக்கம் மூன்று வாங்குவோம். முன்னால் ஆடுகிறவர்கள் தப்புப் பண்ணினால் அடுத்த தடவை பார்க்கலாம் என்று திரும்பி வருவார்கள். எங்களுக்கு அடுத்த தடவை கிடையாது. இந்த டீமில் எனக்குப் பதிலாக ஆள் இல்லை.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.


மார்ச் 14, சனி

கண்ணு,

உன் கடிதத்தை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருக்கிறேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டுகிறான். போட்டேன்.

திங்கட்கிழமை வருகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். கண்டக்டர் இடத்தின் பெயரைக் கத்தினால் எனக்குக் கேட்காது, அதனால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டு வருவேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கேட்டைப் பூட்டிவிடுவான்.

நீ சொல்லிவிடாதே என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். படித்துவிட்டுத்தான் வருகிறேன்.

அதுவரைக்கும் தலையால் எதையும் முட்டாதே. கோல் போனால் போகட்டும். பந்து வலைக்குள் போனால் எடுத்து வந்து நடுவில் வைத்து மறுபடி உதைக்கலாம்.

பாட்டி


மார்ச் 25, புதன்

பாட்டிக்கு,

டாக்டர் படிக்கவும் எழுதவும் கூடாது என்றிருக்கிறார். திரைச்சீலை மூடின அறையில் நர்ஸுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நீ எனக்குச் செய்ததை நான் மறக்க மாட்டேன். பார், இதை மறக்க மாட்டேன்.

ப்ராக்டிஸ் நடுவில், கையில் ஒரு துணிப்பையோடு மைதானத்துக்குள் நடந்து வந்தாய். பந்து உன்னை உரசிக்கொண்டு போகிறது, நீ நிற்கவே இல்லை. நேராகக் கோச்சிடம் போய், "அந்த மூணு கேள்வியை இன்னொரு தரம் கேளுங்க. எல்லாரையும் செவுத்துப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லிட்டுக் கேளுங்க" என்றாய். ராக்கெட் சிரித்தாள். கோச் சிரிக்கவில்லை. விசில் ஊதி எல்லாரையும் திரும்ப வைத்தார். மேஸ்திரி மட்டும் திரும்பாமல் நின்றாள். "திரும்புடி" என்று அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பினாய். என் கேப்டனை!

"பழசைக் கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பா. இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க" என்றாய்.

இன்றைக்குக் காலையில் முதலில் என்ன பயிற்சி செய்தோம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் ப்ராக்டிஸ் இருந்ததே தெரியவில்லை. என்னைச் சுற்றி இருபது முதுகு. ஒரு முகம்கூட இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை பாட்டி. கோல் காக்க யாருமே இல்லாத மைதானத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. கோச் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது கேள்வி கேட்கவே இல்லை. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம், "தூங்காதம்மா, ஏதாவது பேசிட்டே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மண்டைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறதாம். இன்னும் ஒரு இடி பட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சரி, அதை விடு. ஃபைனலைக் கேள். நாலுக்கு மூன்று. ஜெயித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் அக்கா போனில் பார்த்து எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் ஆள் இல்லை என்று கோச் எல்லாரையும் முன்னால் ஓடவிட்டாராம். வாங்கினதைவிட ஒன்று கூட அடித்தால் போதும் என்றாராம். கோல் வாங்காமல் இருந்தால்தான் கோப்பை என்ற அதே கோச்! நான் இருந்த எந்த மேட்சிலும் மூன்று கோல் வாங்கியதில்லை. நான் இல்லாத மேட்சில்தான் கோப்பை. அப்படியென்றால் நான் எதற்கு பாட்டி? ஐந்து மேட்சில் என் தலையால் எதைக் காப்பாற்றினேன்?

வேலை ஆடினவர்களுக்குத்தானாம். நான் ஃபைனலில் ஆடவில்லை. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உன் பாட்டி கெடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அவர் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னார். அவரை ஒன்றும் சொல்லாதே. உன்னால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 29, ஞாயிறு

கண்ணு,

எழுதாதே என்றாய். நீ படிக்க வேண்டாம். நர்ஸிடம் படிக்கச் சொல். அந்தப் பெண் நல்லவள், நேற்று நான் வந்தபோது எனக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாய். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். தூங்குகிறவர்களின் இமை அப்படித் துடிக்காது. ஆனாலும் மூச்சு வருகிறதா என்று உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். அதற்காகத்தான் வந்தேன். பார்த்துவிட்டுப் போனேன்.

நான் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நான் இன்னும் அடிக்கிறவர்கள் கட்சிதான். அடிக்காமல் ஜெயித்தவர்கள் யாரும் இல்லை, இதை நான் யாருக்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் ஐந்து மேட்சும் கண்ணால் பார்த்தவள். முதல் மேட்சில் ராக்கெட் மூன்று பந்தை வானத்துக்கு அடித்தாள். இரண்டாவதில் பந்தே அவள் காலுக்கு வரவில்லை. மூன்றாவதில் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தவறவிட்ட நாளெல்லாம் உன்னால்தான் தோற்காமல் இருந்தீர்கள். தவறவிடலாம், பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவள் அப்படி ஓடக் கற்றாள். ஃபைனலில் நாலு அடித்த கால் அதுதான். இது போதுமா உனக்கு? போதாது. தெரியும். எனக்கே போதவில்லை. போய்க் கோச்சைக் கேள், எது பெரிது என்று. அவர் ஒரு வாரத்துக்கு ஒன்று சொல்வார்.

டாக்டர் என் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொன்னார். கசிவு நின்றுவிட்டது. ஒரு வருடம் பந்தைத் தொடக் கூடாது. அப்புறமும் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். மறந்ததெல்லாம் திரும்பி வருமா என்று கேட்டேன். அந்த மேட்ச் வராது என்றார். பரவாயில்லை, அது என்னிடம் இருக்கிறது. எப்போது கேட்டாலும் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். அந்த நேரத்தில் அன்றைக்கு இருந்தவர்களை ஒவ்வொருத்தராக எடுத்துப் பார்க்கிறேன். நெட்டச்சிமேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவள் பந்தைத்தான் பார்த்தாள். மருந்துப் பெட்டிக்காரிமேல் கொஞ்சம் உண்டு, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுவிட்டுக் கை தட்டினாள். அது போய்விடும். நடுவர் எனக்கு யாரோ, எவரோ. மேஸ்திரி வீட்டுக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மூடச் சொன்னதை மூடினாள் அந்தப் பெண். ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்பினேன். கோச்சை லேசில் விட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் தெரிந்த நிமிடத்தில் தொப்பியைக் கழற்றினார். ஃபைனல் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை எடுத்தார். அவரையும் விட்டேன். உன் அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அடுப்படியில்தான் படுக்கிறாள்.

பயந்துபோய்த்தான் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். நானும்தான் பயந்தேன். என் பயம் என்னை இரண்டு பஸ் ஏற வைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் முகத்தை இந்தக் கையால் பிடித்துத் திருப்பிக் கேட்டேன். நல்லா இருக்கா என்றான். அன்றைக்கு ராத்திரியே நான் கிளம்பியிருப்பேன். அவன் உதட்டை நம்பி ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். அந்த ஒரு வாரமும் நீ தினம் பந்துக்கு முன்னால் நின்றாய். அதில் எந்த நாளும் என் அண்ணனின் காலையாக ஆகியிருக்கலாம்.

நான் அவனோடு சண்டை போடவில்லை. நீ கேட்டுக்கொண்ட மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பசிக்குச் சோறு போடுகிறேன். எதிரில் வந்து நிற்கிறான், வாய் அசைகிறது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தோளைத் தொட்டுத் திருப்புகிறான். கண்ணை மூடிக்கொள்கிறேன். இனி இந்த வீட்டில் அவன் சொல்வது எனக்குக் கேட்காது.

நீ அவனை மன்னித்துக்கொள், அவன் உனக்கு அப்பா. உன்னை நான் தடுக்கவில்லை. என்னைக் கேட்காதே. நான் பெற்று, நான் பெயர் வைத்து, மில் பஞ்சு ஒட்டின கையால் நான் ஊட்டி வளர்த்த என் மகன். அவனை மன்னிக்க மாட்டேன்.

பாட்டி